வெள்ளம் போகும் வழி

2025 ஆம் ஆண்டு தை மாதம், பாடசாலை மீண்டும் தொடங்கிய முதல் வாரத்தில், பத்தாந் தர மாணவருக்கு ‘மாரிக்காலம்’ என்னும் தலைப்பிற் கட்டுரையொன்று எழுதக் கொடுத்தேன். தமிழாசிரியர் பலரும் ஆண்டுதோறும் கொடுக்கும் தலைப்புத்தான். வரப்போகும் கட்டுரைகள் எப்படியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கார்முகில் திரளும், மின்னல் வெட்டும், தவளைகள் கத்தும், உழவர் உள்ளம் மகிழும். அவற்றிலுள்ள சந்திப் பிழைகளைச் சிவப்பு மையினால் திருத்திப் புள்ளி வழங்குவதோடு என் வேலை முடிந்துவிடும்.

அன்றிரவு நான் திருத்திய கொப்பிகளுள் ஒன்றில் தவளையும் இல்லை, உழவரும் இல்லை. “கார்த்திகை மாதக் கடைசியில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது” என்று அது தொடங்கியது. அடுப்படியில் முழங்காலளவு தண்ணீர் நின்றதையும், அம்மம்மாவை வாங்கிலின் மேல் ஏற்றி இருத்தியதையும், பாடப் புத்தகங்களை அரிசிப் பானையோடு சேர்த்துப் பரணில் வைத்ததையும், மூன்று இரவுகள் கோயில் மண்டபத்திற் படுத்ததையும் அந்தப் பிள்ளை எழுதியிருந்தாள். அணிகள் எவையுமில்லாத எழுத்து. நடுவில் இப்படியொரு வாக்கியம்: “முன்பெல்லாம் வெள்ளம் பக்கத்துக் காணிக்குள்ளாலே ஒழுங்கைக்குப் போய்விடும், இப்போது அங்கே மதில் கட்டியிருக்கிறார்கள்.” ‘காணிக்குள்ளாலே’ என்பதை அடிக்கோடிட்டு, ‘காணியினூடாக’ என்று மேலே எழுதினேன். எழுதிய பின்னர்தான் அந்தக் காணி எது என்பது எனக்கு உறைத்தது. அந்த மதில் என்னுடையது.

அவள் எவர் மீதும் குற்றஞ் சுமத்தவில்லை. ஆசிரியரின் பெயரை எழுதாமல் விட்டது பயத்தினாலா, மரியாதையினாலா, அன்றி அது ஒரு செய்தியாகவே அவளுக்குத் தோன்றவில்லையா என்பதை நான் இன்றுவரை கேட்கவில்லை. கொப்பிக்குப் புள்ளி இடாமலே அன்றிரவு படுத்தேன்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வாக்கியமே. ஓரிடத்தில் எதைக் கட்டுவது, எப்படிக் கட்டுவது, எங்கே கட்டாமல் விடுவது என்பனவற்றைப் பொறியியலாளருக்கும் பிரதேச சபைக்கும் உரிய தொழில்நுட்ப விடயங்கள் என்று நாம் எண்ணியிருக்கிறோம். அவை மனிதருக்கிடையிலான நீதி பற்றிய விடயங்கள் என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளையொருத்தியின் கொப்பியிலிருந்து நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

*

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1995 ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில், கொட்டும் மழையில், வலிகாமத்திலிருந்து தென்மராட்சியை நோக்கி நடந்த இலட்சக்கணக்கானோருள் என் பெற்றோரும் இருந்தனர். அப்பாவின் தோளில் இருந்த ஆறு வயதுப் பையன் நான். அதற்குப் பின் எத்தனை வீடுகள்! உறவினர் வீட்டு விறாந்தை, அகதி முகாம், வாடகை அறை, மீண்டும் வாடகை அறை. பல்கலைக்கழகத்திலே தமிழ் படித்து, நியமனம் பெற்று, திருமணமும் செய்த பின்னர் வங்கிக் கடனில் இரண்டு பரப்புக் காணி வாங்கினேன். எங்களைப் போன்றோருக்கு வீடு என்பது கல்லும் சீமெந்தும் மாத்திரமன்று. இனி எவரும் எழுப்பிவிட முடியாத ஓரிடத்திற் படுத்துறங்கும் உரிமை அது.

காணி மலிவாகக் கிடைத்தது. அது தாழ்ந்த நிலமாக இருந்ததே அதற்குக் காரணம். சுற்றிவரப் பூவரசும் கிளுவையும் கதியாலாக நின்ற வேலி. வேலிக்குக் கறையான் அரித்த ஓலை. மாரியிலே அரையடி, ஓரடித் தண்ணீர் சில நாட்களுக்கு நிற்கும் என்று விற்றவரே சொன்னார். மேசனார் அதற்குப் பரிகாரமும் சொன்னார்: “இரண்டடி உயர்த்தாட்டில், மாரிக்குக் கட்டிலுக்குக் கீழே மீன் பிடிக்கலாம், சேர்.” உயர்த்தினோம். வன்னியிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட டிப்பர் கிரவல் வந்தது. எந்தக் காட்டின் ஓரத்தைத் தோண்டி அது எடுக்கப்பட்டதென்று நான் கேட்கவில்லை. வேலியை வெட்டி எறிந்துவிட்டு, ஆறடி உயரத்திற் சீமெந்துக் கல் மதில் எழுப்பினோம். 2023 ஆம் ஆண்டு ஆவணியிற் குடிபுகுந்தோம்.

இதில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. படவரைஞர் கீறிய படத்திலே அறைகளின் அளவு இருந்தது. ஒழுங்கையிலிருந்து விட வேண்டிய தூரம் இருந்தது. கிணறும் மலக்குழியும் குறிக்கப்பட்டிருந்தன. பிரதேச சபை படத்தைப் பார்த்து அனுமதி வழங்கியது. அந்தப் படத்திலே இல்லாதது ஒன்றே ஒன்று: நிலம் எந்தப் பக்கமாகச் சரிந்திருக்கிறது, மழைநீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது. அதைக் கீறும்படி படிவம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கொப்பியைப் படித்த மறுநாள் பெட்டியைத் திறந்து காணி உறுதியை எடுத்துப் பார்த்தேன். எல்லைகளைச் சொல்லிய பின், நம் ஊர் உறுதிகளில் வழமையாகக் காணப்படும் வாசகமே அதிலும் இருந்தது: கிணற்றிற் பங்கும், வழிவாய்க்கால் உரித்தும். கையொப்பமிட்ட நாளில் அதை வெறும் நொத்தாரிசுத் தமிழாகவே வாசித்திருந்தேன். இந்த நிலத்தை வாங்குகிறவன் அயலவனுடைய நடைக்கும் நீரோட்டத்துக்கும் இடையிலேதான் ஒரு துண்டை வாங்குகிறான் என்னும் முன்னோரின் அறிவு அந்த இரண்டு சொற்களிலும் அடங்கியிருந்தது.

அன்று மாலையே பின்வீட்டுக்குப் போனேன். சுவரில் வெள்ளம் நின்ற அடையாளம் காவி நிறக் கோடாகத் தெரிந்தது. ஆச்சி முற்றத்திலிருந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், “ஆச்சி, என்ர மதிலாலைதான் உங்களுக்கு வெள்ளம் வந்தது எண்டு முந்தியே சொல்லியிருக்கலாமே” என்றேன். அவர் கையை நிறுத்தாமலே சொன்னார்: “ஆர் தம்பி சொல்லுறது? நீங்கள் படிச்ச ஆக்கள். படம் கீறி, கந்தோரிலை காட்டித்தானே கட்டினனீங்கள். தண்ணிக்குப் போக இடம் வேணுமெல்லே. உங்கட பக்கம் போக ஏலாதெண்டால் எங்கட பக்கந்தானே நிக்கும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மழை மேலிருந்து பெய்யும் என்பதைப் போல அவர் அதைச் சொன்னார்.

*

என் காணியின் கணக்கை வாசகர் சற்றுப் பார்க்க வேண்டும். இரண்டு பரப்பு என்பது ஏறத்தாழ 5,400 சதுர அடி. அதிலே ஓரடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒன்றரை இலட்சம் லீற்றர். நான் கிரவல் கொட்டியபோது அந்தத் தண்ணீரை அழித்துவிடவில்லை, இடம் மாற்றினேன். ஒரு காணியை உயர்த்துகிறவன் அயற்காணியைத் தாழ்த்துகிறான். அதற்கு மேல் என் கூரை 1,200 சதுர அடி. ஓரங்குல மழைக்கு அதிலிருந்து வடிவது ஏறத்தாழ 2,800 லீற்றர். முன்னர் அந்த நீரை மண் குடித்தது. இப்போது அது பீலி வழியாக இறங்கி, கொங்கிறீற்று முற்றத்தில் ஓடி, கேற்றைத் தாண்டுகிறது.

இதனை ஈரலிப்பான நாடொன்றிற் செய்தாலே பிழை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே செய்வது இரட்டிப்புப் பிழை. நமக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு என்று பெயர் பெற்றதும் மாரியில் மாத்திரம் வலிகாமத்து வயல்களைக் கடந்து அராலிப் பக்கமாகக் கடல்நீரேரியை அடையும் ஓடையே. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த மூன்று மாதத்து நீரே சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்கூடாக இறங்கி, நிலத்தின் கீழே உவர்நீரின் மேல் மிதந்து நின்று, மிகுதி ஒன்பது மாதமும் நம்மைக் காக்கிறது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அறியப்பட்ட விதி. மறுதலையாக, மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவரும். கரையோரக் கிராமங்களிற் கிணறுகள் ஒவ்வொன்றாக உவராகிய கதையை நாம் அறிவோம்.

ஆகவே வெள்ளமும் வரட்சியும் நமக்கு இரு வேறு துன்பங்கள் அல்ல. கார்த்திகையில் ஒழுங்கையில் ஓடிக் கடலுக்குப் போகும் நீரே சித்திரையில் கிணற்றில் இல்லாத நீர். முன்னோர் இதைப் புத்தகத்திற் படித்தறிந்தவர்கள் அல்லர். ஆனால் ஊருக்கு ஊர் குளமும் கேணியும் துரவும் வைத்தார்கள். குளத்தின் மிகுதி நீர் அடுத்த குளத்துக்குப் போக வாய்க்கால் விட்டார்கள். மாடு மேயும் தரவையை வீடு கட்டாமல் விட்டார்கள். அவர்களுடைய நாற்சார் வீட்டின் நடுமுற்றம் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் உரியது மட்டுமன்று. கூரை நீர் வந்து இறங்கும் இடமும் அதுவே. கதியால் வேலி எல்லையைக் காட்டியது, நீரைத் தடுக்கவில்லை. நாம் எல்லையைக் காட்டுவதற்காக நீரையும் மறித்துவிட்டோம்.

சுண்ணக்கல் நல்ல நீரை மாத்திரம் உள்ளே விடுவதில்லை. நெருக்கமாக அமைந்த வீடுகளின் மலக்குழிகளிலிருந்தும், தோட்டத்துக்கு அளவின்றிப் போட்ட யூரியாவிலிருந்தும் நைத்திரேற்று அதே வெடிப்புகளால் இறங்குகிறது. குடிநீரிலே லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாதென்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. குடாநாட்டின் தோட்டக் கிராமங்களிற் பல கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர் பல தடவை காட்டியிருக்கிறார்கள். அதனாற் கைக்குழந்தைகளுக்கே முதற் கேடு. சுன்னாகத்திலே, மின் உற்பத்தி நிலையமொன்றின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்த வழக்கில், 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட நிறுவனம் இரண்டு கோடி ரூபா செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது நல்லதே. ஆனால், ஊரெல்லாம் குடிக்கும் நீரின் தலைமேல் எதை வைக்கலாம், எதை வைக்கலாகாது என்பதை முதலிலேயே கேட்டிருந்தால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்திராது.

*

இத்தனைக்கும் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டு, பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடற் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. எத்தகைய திட்டங்களுக்கு அது வேண்டும் என்பதை 1993 ஆம் ஆண்டின் வர்த்தமானி வரையறுத்தது. அதன்படி, பொதுவாக ஈரநிலத்தை நிரப்புவதாயின் 4 ஹெக்டேயருக்கு மேற்பட்டிருக்க வேண்டும். வீடமைப்பாயின் 1,000 வீடுகளைத் தாண்ட வேண்டும். 4 ஹெக்டேயர் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 160 பரப்பு. சிறப்பாகக் குறிக்கப்பட்ட இடங்களுக்குத் தனி விதிகள் உண்டு. ஆயினும் மூன்று பரப்புக் குட்டையை மூடி எழுப்பும் சனசமூக நிலையத்துக்கும், வாய்க்காலின் மேல் எழும் கடைத் தொகுதிக்கும், கோயிலுக்குப் பின்னாலுள்ள கேணியை நிரப்பிக் கட்டும் கல்யாண மண்டபத்துக்கும், என் வீட்டுக்கும் அந்த மதிப்பீடு எட்டாது. வயல் நிலத்தை அனுமதியின்றி நிரப்புவது 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி குற்றம். ஆயின், சிறிது சிறிதாக மண் கொட்டி, சில ஆண்டுகளில் வயலை மேட்டுக்காணியாக்கிவிடும் வித்தையை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

பெரிய திட்டமொன்று வந்தால் நாம் கூட்டம் கூடுகிறோம், மகசர் எழுதுகிறோம். அது வேண்டியதே. ஆனால் ஒரு கிராமத்தின் நீர் பெரிய திட்டமொன்றினால் மாத்திரம் சாவதில்லை. ஒன்றும் தவறில்லாத நூறு சிறிய அனுமதிகளாலும் சாகிறது. அந்த நூறுக்கும் பொறுப்பாளிகள் வெளியார் அல்லர்.

இங்கே மற்றொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே மட்டத்தில் வாழ்வதில்லை. நம் கிராமங்களின் வரைபடத்தை எடுத்து, மேட்டுநிலத்தில் யார், தாழ்நிலத்தில் யார் என்று பாருங்கள். கோயிலும் பெரிய வளவுகளும் மேட்டில் இருக்கும். காணியின்றி, பிறர் வளவில் குடியிருந்து, கூலிக்குத் தோட்டங் கொத்தியவர்களுக்கு ஒதுக்கப்பட்டது பெரும்பாலும் தரவையோரமும் குளத்தோரமும் கடலோரமுமே. சாதி எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்பதை மட்டும் தீர்மானிக்கவில்லை. எந்த வெள்ளத்தில் நிற்க வேண்டும் என்பதையும் தீர்மானித்தது. போர் முடிந்த பின் மீள்குடியேறியோருள் காணியற்றவர்களுக்குக் கிடைத்த துண்டுகளும் பல இடங்களில் அத்தகையனவே. 2008 ஆம் ஆண்டு நிஷாப் புயலின்போதும், 2020 இற் புரெவியின்போதும், 2024 கார்த்திகை இறுதியிலும் பாடசாலைகளிலும் பொதுமண்டபங்களிலும் தஞ்சமடைந்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். அபிவிருத்தி தரும் நன்மை மேலேயிருந்து கீழே மெல்ல வடியும் என்று சொல்வார்கள். வடிந்து வந்தது வெள்ளமே.

*

2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எங்கள் பாடசாலைக்கு மூன்று மாடி வகுப்பறைத் தொகுதிக்கான நிதி வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்குந்தான். பழைய வகுப்பறைகளில் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். குறித்திருந்த இடமோ மைதானத்தின் தென்கிழக்கு மூலை. மாரியிலே தண்ணீர் தேங்குவதால் விளையாட்டுக்கும் உதவாத ‘வெறும் இடம்’ என்று அது தெரிவுசெய்யப்பட்டிருந்தது. அங்கே இரண்டு பழைய வேம்புகளும் நின்றன. படத்தில் அவை இல்லை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு முன்னர், கணித ஆசிரியரும் நானும் பத்தாந் தரத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினோம். மேசன்மார் நீர்மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்ரிக் குழாய் ஒன்று, தடிகள், அடிமட்டம், இவ்வளவே கருவிகள். இரண்டு நாள் அளந்து ஒரு தாளிலே குறித்தோம். அந்த மூலை, வெளியே தெருவோர வாய்க்காலிலும் பார்க்கப் பதினான்கு அங்குலம் தாழ்ந்தது. பாடசாலையின் நீர் முழுவதும், மேற்கே இரண்டு ஒழுங்கைகளின் நீரும் வந்து சேரும் இடம் அது. அதை நிரப்பினால் அந்த நீர் எங்கே போகும்? மாணவி ஒருத்தி பென்சிலால் அம்புக்குறி போட்டாள். அது மதிலுக்கு வெளியே, தெருவுக்கு அப்பாலுள்ள பதினொரு வீடுகளுக்குப் போனது. அம்புக்குறி போட்டவள் வேறு எவளுமல்லள்.

அவள் அதைக் கீறும்போது என்னைப் பார்க்கவில்லை. நான்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் நான் தாளை விரித்தபோது எல்லோரும் வரவேற்றார்கள் என்று எழுத எனக்கு ஆசை. நடந்தது அதுவன்று. “நிதி திரும்பிப் போனால் ஆர் பொறுப்பு, சேர்?” என்றார் ஒருவர். “இவ்வளவு காலமும் ஒரு கட்டடம் கேட்டுக் கேட்டு வந்தது. வந்த பிறகு தண்ணிக் கதையோ?” என்றார் பழைய மாணவர் ஒருவர். அவர்களுடைய கேள்வி நியாயமற்றதன்று. வறிய பிரதேசங்களுக்கு அபிவிருத்தி வருவதே அரிது. வரும்போது அது, உடனே எடுத்துக்கொள் அல்லது விட்டுவிடு என்னும் தோரணையிலே வருகிறது. திருத்தம் கேட்பவன் தடை செய்பவனாகத் தோன்றிவிடுகிறான். நான் என் மதிலின் கதையைச் சொன்னேன். அதைச் சொல்லாமல் தாளை மாத்திரம் காட்டியிருந்தால் கூட்டம் அசைந்திராதென்றே நினைக்கிறேன். மண்டபத்தின் பின்வரிசையில் ஆச்சியின் மகளும் இருந்தார்.

மூன்று கூட்டங்களின் பின் முடிவாகியவை இவை. கட்டடம் நாற்பதடி வடக்கே, மேட்டுப் பக்கமாக நகர்த்தப்பட்டது. பொறியியலாளர் வந்து பார்த்து, அத்திவாரச் செலவும் அதனாற் குறையுமென்று ஒப்புக்கொண்டார். அதன் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தது. ஆகவே யன்னல்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கும். காலை மாலை வெயில் பிள்ளைகளின் முகத்தில் அடிக்காது. தாழ்ந்த மூலை மூடப்படாமல், சிறிது ஆழமாக்கப்பட்டு, நீர் தேங்கி இறங்கும் இடமாக விடப்பட்டது. வேம்பு ஒன்று தப்பியது, மற்றது தறிக்கப்பட்டது. கூரை நீரைச் சேர்க்கும் தொட்டிக்கு நிதி கிடைக்கவில்லை. 3,000 சதுர அடிக் கூரையிலிருந்து ஓரங்குல மழைக்கு 7,000 லீற்றர் வடியும் என்று பிள்ளைகள் கணக்குக் காட்டியும் பயனில்லை. குறித்த சில புதிய கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பை வேண்டும் திருத்தம் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தில் 2007 இலேயே செய்யப்பட்டுவிட்டது. கிராமத்துப் பாடசாலைக்கு அது இன்னும் ஆடம்பரமாகவே தெரிகிறது. வாகனத் தரிப்பிடத்துக்குக் கொங்கிறீற்றுப் போடுவதையும் நிறுத்த முடியவில்லை. பாதி வெற்றி என்று சொல்லலாம். நான் படம் கீறுவித்த நாளில் என் வீட்டுக்கு இந்தப் பாதியும் கிடைக்கவில்லை.

குளம் அமைத்து நீரைத் தேக்கியவரே உலகில் நிலைத்த புகழுக்கு உரியவர் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுரை சொன்ன குடபுலவியனாரின் புறநானூற்றுப் பாடலை நான் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். சொற்பொருளும் திணை துறையும் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பாடலின் பொருள் யன்னலுக்கு வெளியே, மைதானத்தின் மூலையில் கிடந்தது. இலக்கியம் படித்த நாம் பழம்பெருமையைப் பேசுவதற்கு அதைப் பயன்படுத்தினோமேயன்றி, பக்கத்து வீட்டைப் பார்ப்பதற்குப் பயன்படுத்தவில்லை.

*

என் மதிலையும் சொல்ல வேண்டும். அடியில் ஐந்து இடங்களிலே கல்லை எடுத்து, கம்பி வலை போட்டு, நீர் போகும் வாய்களை வைத்தேன். “மதிலிலை ஓட்டை வைக்கிறதோ? பாம்பு வரும், சேர்” என்று மேசனார் தடுத்தார். முன்முற்றத்துக் கொங்கிறீற்றில் ஒரு பகுதியை உடைத்து, ஒழுங்கை வரை ஆழமில்லாத வாய்க்கால் ஒன்று வெட்டினேன். கூரை நீரில் ஒரு பகுதியைக் கிணற்றடியில், கல்லும் மணலும் இட்ட குழியொன்றில் இறக்கினேன். கொட்டிய கிரவலை அள்ள முடியவில்லை. சில பிழைகள் பாதிதான் திரும்பும்.

2025 கார்த்திகை இறுதியில் டித்வாப் புயல் வந்தது. மலையகத்திலே மண்சரிவுகளும் நாடெங்கும் வெள்ளமுமாக நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன புயல் அது. சரிவான மலையடிகளிலே வாழ்ந்தவர்களுட் பலர் வேறு எங்கும் காணி பெற முடியாத தொழிலாளர் என்பதைச் செய்திகள் சொன்னபோது, எங்கள் ஊரின் தாழ்நிலமும் மலையகத்தின் சரிவும் ஒரே வரைபடத்தின் இரண்டு பக்கங்கள் என்று எனக்குப் பட்டது. இங்கும் இரண்டு நாள் விடாது பெய்தது. இரவு ரோச்சுடன் பின்மதிலடிக்குப் போய்ப் பார்த்தேன். ஐந்து வாய்களாலும் கலங்கல் நீர் என் காணிக்குள் வந்துகொண்டிருந்தது. ஆச்சி வீட்டு முற்றத்தில் தண்ணீர் நின்றது, அடுப்படிக்குள் ஏறவில்லை. என் முற்றத்தில் கணுக்காலளவு நின்றது. அது எனக்குரிய பங்கு.

வாசகர்களை நான் கேட்பது பெரிய காரியமன்று. உங்கள் ஊரில் அடுத்த முறை ஒரு வீடோ, மண்டபமோ, பஸ் தரிப்பிடமோ, வகுப்பறையோ கட்டப் படம் கீறும்போது, அந்தப் படத்தில் நீர் வரும் பக்கத்தையும் போகும் பக்கத்தையும் காட்டும் ஓர் அம்புக்குறியைப் போடும்படி கேளுங்கள். பிரதேச சபை கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். அம்பு முடியும் இடத்தில் யாருடைய வீடு இருக்கிறதென்று நடந்துபோய்ப் பாருங்கள். அந்த வீட்டுக்காரரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அளப்பதற்கு ஒரு குழாயும் நாலு பிள்ளைகளும் போதும்.

கொப்பியை அந்த வாரமே திருப்பிக் கொடுத்தேன். ‘காணியினூடாக’ என்ற என் திருத்தத்தை வெட்டிவிட்டேன். அவள் எழுதியது பிழையன்று. எங்கள் ஊரிலே வெள்ளம் போன வழியை எங்கள் ஊர்ச் சனம் சொல்லும் சொல் அது.